கோல்ப் திடலுக்கு வேலி எதற்கு?

சென்ற மாதம் எமது பணிமனைக்கு ஓர் இளைஞர் வந்தார். பொறியியலாளர், சில ஆண்டுகள் வெளிநாடொன்றிலே தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கட்டுரை ஏதும் தரவந்தாரோ என எண்ணினோம். அவரோ ஒரு கேள்வியோடு வந்திருந்தார். “ஐயா, கோல்ப் பந்தை அடித்துப் பழகுவதற்கு, பெரும் பணம் இல்லாதவனுக்கு இந்நாட்டில் எங்கேனும் ஓர் இடம் உண்டா?” என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. சிரித்ததற்காக இப்பொழுது வெட்கப்படுகின்றோம். அவருக்கு அன்று கூறாத விடையை இன்று இங்கே எழுதுகின்றோம்.

நாம் சிரித்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. கோல்ப் என்றதும் எம்மவர் கண்முன்னே தோன்றுவது யாது? வெள்ளைக்காரத் துரை ஒருவர் முன்னே நடக்க, அவருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நம் இனத்துச் சிறுவன் ஒருவன் பின்னே ஓடும் காட்சியன்றோ! துரைமார் போனபின், அவர்களுடைய நாற்காலிகளிலே அமர்ந்துகொண்ட சுதேசித் துரைமாரின் விளையாட்டு அது. சோற்றுக்கும் உரத்துக்கும் அல்லற்படும் மக்கள் நடுவே கோல்ப் ஒரு கேடா என்று கேட்பவர் பலர். நாமும் அவ்வாறே கேட்டுப் பழகியவர்கள்தாம்.

ஆயினும் அவ்விளைஞர் தாம் அலைந்த கதையைச் சொன்னார். முதலிலே ஒரு கழகத்துக்குப் போனாராம். உறுப்பினர் இருவர் முன்மொழிந்து வழிமொழிந்தாலன்றி விண்ணப்பத் தாளே கிடையாது என்றனர். நுழைவுப் பணம் எவ்வளவு என்று கேட்டார்; அத்தொகை தம் தந்தையார் வயலிலே பல போகம் கண்ட வருமானத்தினும் பெரிதென்று கண்டு திரும்பினார். அடுத்து ஒரு விடுதிக்குப் போனார். அங்கே தங்குவோருக்கு மட்டுமே இடமாம். ஒரு நாள் ஆட்டத்துக்கு அவர்கள் கேட்ட கட்டணம் அவருடைய ஒரு கிழமைச் சம்பளம். மூன்றாவதாக, தாம் படித்த பாடசாலையின் அதிபரிடம் மைதானத்தைக் கேட்டார். பந்து சன்னற் கண்ணாடியை உடைக்கும் என்று அதிபர் மறுத்தார். அவர் மறுத்ததில் நியாயம் உண்டு. கோல்ப் பந்து கல்லைப் போன்றது. ஈற்றிலே, பரந்தனில் உள்ள தம் அம்மானின் வயலே கதியென்று போய்ச் சேர்ந்தார்.

மாசியிலே அரிவு வெட்டு முடிந்து, சூடும் அடித்தாயிற்று. இவ்வாண்டு சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் அவ்வயலுக்குக் கிடைக்கும் முறை வரவில்லை. ஆகவே அரிதாள் காய்ந்து வெறுமனே கிடந்தது நிலம். ஞாயிற்றுக்கிழமைகளிலே மூன்று மட்டைகளோடும் முப்பது பழம் பந்துகளோடும் அங்கே போய் அடிக்கத் தொடங்கினார். வரம்பிலே குந்தியிருந்து பார்த்த அம்மான் இரண்டாம் வாரம் கேட்டாராம்: “தம்பி, உதை அங்கை அடிச்சுப்போட்டு, பிறகு நீயே போய் எடுக்கிறதெண்டால், ஏன் அடிப்பான்?” மூன்றாம் வாரம் அம்மானே மட்டையை வாங்கிப் பார்த்தார். நான்காம் வாரம் அயல் வயற்காரரின் பிள்ளைகள் ஆறுபேர் வந்து நின்றனர். அவர்களில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒருவன், மண்வெட்டி பிடித்துக் காய்ந்த கையினன், பத்தாவது அடியிலேயே பந்தை வாய்க்கால் தாண்டிப் போக்கினானாம். இதைச் சொல்லும்போது அவ்விளைஞரின் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம். “அந்தப் பிள்ளைக்கு நான் எங்கே இடம் காட்டுவேன்?” என்றும் கேட்டார்.

இது ஒருபுறமிருக்க, வேறொரு செய்தியும் எம் காதுக்கு எட்டியுள்ளது. வசதி படைத்த கனவான்கள் சிலர் கூடி, வடக்கிலே ஒரு கோல்ப் கழகம் அமைக்கவேண்டும் என்று பேசுகின்றனராம். காணி பார்க்கின்றனராம். புலம்பெயர்ந்தோரிடம் பங்குப்பணம் திரட்டலாம் என்கின்றனராம். நல்லது. விளையாட்டை நாம் வெறுக்கவில்லை. ஆயின் அவர்கள் கட்டத் துணிவது யாது? விளையாட்டுக்கு ஒரு நிலமா, அல்லது விளையாட்டின் பெயரால் ஒரு வேலியா? இதனை இப்பொழுதே, அத்திவாரக் கல் நாட்டப்படுமுன்னரே, கேட்டுவிட விரும்புகின்றோம்.

கோல்ப் பிறந்தது வேலிக்குள் அன்று. இவ்வுண்மையை எம் கனவான்கள் அறியவேண்டும். ஸ்கொத்லாந்து நாட்டின் கடற்கரையிலே, உழவுக்கும் உதவாது வீட்டுக்கும் உதவாது கிடந்த மணற்றரைகளை அந்நாட்டார் லிங்ஸ் என அழைத்தனர். உப்புக் காற்றிலே கட்டையாக வளரும் புல். அதனை மேய்ந்து மேய்ந்து மட்டமாக்கிய ஆடுகள். ஆட்டு மந்தைகள் ஒதுங்கிப் படுத்ததால் பறிந்த மணற்குழிகள். இவையே முதற் கோல்ப் திடல்கள். புல் வெட்டும் இயந்திரம் அங்கே ஆடுதான். சாதாரண மக்களே அங்கே ஆடினர். எவ்வளவு பேர் ஆடினரென்றால், வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு இதிலேயே காலம் கழிக்கின்றனர் என்று அஞ்சி, 1457ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் பாராளுமன்றம் கோல்பைத் தடைசெய்து சட்டமியற்றிற்று. பிரபுக்கள் சிலர் மட்டும் ஆடிய விளையாட்டுக்கு இத்தகைய தடைச்சட்டம் வேண்டியிருந்திராது.

சென் அன்றூஸ் என்னும் ஊரின் கதை இன்னும் சுவையானது. கமக்காரர் சிரிக்கத் தக்கது. 1552ஆம் ஆண்டிலே அவ்வூர் அதிமேற்றிராணியார் மணற்றரையிலே முயல் வளர்க்கும் உரிமையைப் பெற்றபோது, அங்கே பந்தாடவும் வேறு விளையாட்டுக்கள் ஆடவும் ஊராருக்குள்ள உரிமையை எழுத்திலே ஒப்புக்கொண்டார். இரண்டரை நூற்றாண்டு கழிந்தது. நகரசபை கடனிலே மூழ்கிற்று. 1797இல் அந்நிலம் கைமாறியது. முடிவிலே முயல் வியாபாரிகளின் வசமாயிற்று. அவர்கள் முயல்களை விட்டனர். முயல்கள் நிலமெங்கும் வளை தோண்டின. ஊரார் முயல்களை அடித்துத் துரத்தினர். வழக்கும் வம்புமாக இருபதாண்டுகளுக்கு மேல் இழுபட்டது. 1821இல் அயலிலிருந்த நிலவுடைமையாளர் ஒருவர் அந்நிலத்தை வாங்கி, முயல்களைத் தொலைத்துப் பந்தாட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் நிலம் மீண்டும் நகரசபைக்கு வந்தது. ஊரவர் 1946 வரையிலே அங்கே காசின்றியே ஆடினர். இன்றும் அத்திடல் பொதுச் சொத்து. பக்கத்திலே நிமிர்ந்து நிற்கும் மாளிகைக் கழகம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் புல்தரையிலே ஒரு முழமேனும் அக்கழகத்துக்குச் சொந்தமன்று. பெரும் போட்டிகள் நடக்கும் நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளிலே பழைய திடலில் ஆட்டமே கிடையாது. ஊரார் நாய்களோடும் பிள்ளைகளோடும் உலாவுகின்றனர். உலகத்தின் கோல்ப் தலைநகரிலே வாரத்தில் ஒரு நாள் நிலம் ஊராருக்கு!

இத்தகைய விளையாட்டு நம் நாட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? இங்கும் அது திறந்த வெளியிலேதான் தொடங்கியது. 1879இல் கொழும்பிலே ஆங்கிலேயர் கோல்ப் கழகம் அமைத்தபோது அவர்கள் ஆடியது காலிமுகத் திடலிலே. கடலை விற்பவனும் காற்று வாங்குபவனும் நடந்து திரிந்த அதே காலிமுகம். இடநெருக்கடி வந்தது. 1896இல் அவர்கள் பொறளைப் பக்கம் பெயர்ந்து போயினர். போனபின்னரே வேலி பிறந்தது. நூற்றாண்டு கடந்தும் அவ்வேலி அங்கேயே நிற்கின்றது. களனிப் பள்ளத்தாக்கு றெயில் பாதை அத்திடலை ஊடறுத்துச் செல்கின்றது என்பதைக் கொழும்பு வாசிகள் அறிவர். கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞரும் கூலியாட்களும் பெட்டி வாசலிலே தொங்கியவண்ணம் ஒரு நிமிடநேரம் அப்பச்சைப் புல்லைப் பார்க்கலாம். பொதுமக்கள் அத்திடலைக் கடந்து செல்லும் வழி அந்த றெயில்தான். பற்றுச்சீட்டு வாங்கிய பயணிக்கு அந்த ஒரு நிமிடக் காட்சி இலவசம்.

நுவரெலியாவிலே 1889இல் தொடங்கிய திடல் நகரின் நடுவிலேயே கிடக்கின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள். அம்மலைகளிலே இலங்கையின் செல்வத்தைக் கிள்ளிக் கூடையிலே போட்ட எம் உடன்பிறப்புக்கள் லயன் காம்பறாக்களிலே அடைந்து கிடந்தனர். 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டனர். கண்டிக்கு அப்பால் விக்டோறியா நீர்த்தேக்கத்தின் ஓரத்திலே ஒன்று. அம்பாந்தோட்டைக் கடற்கரையிலே விடுதியொன்றைச் சேர்ந்தது ஒன்று. இவை உல்லாசப் பயணிகளை நம்பியவை. கிழக்கே திருக்கோணமலைச் சீனன்குடாவிலும், அநுராதபுரத்திலும் உள்ள திடல்களை நடத்துவது விமானப்படை. தமிழ் பேசும் மாகாணமொன்றிலே அமைந்த திடல் படைத்தளத்தோடு ஒட்டிக் கிடக்கின்றது என்பதைப் பற்றி நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. வாசகர் தாமே எண்ணிக்கொள்வர். கழகம், விடுதி, படை: இம்மூன்றும் கழிய எஞ்சுவது யாது? பரந்தன் வயல்.

வேலி என்பது வெறும் கம்பியன்று. அது யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதை இரண்டு நாடுகளின் வரலாற்றிலே காணலாம். தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிலே, இந்திய வம்சத்து ஏழைக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர் பப்வா சுகோலும். பள்ளிப்படிப்பு இல்லை. பிறர் மட்டைகளைச் சுமந்து பிழைத்தவர். அவருக்குக் கற்பிக்க எவரும் இருக்கவில்லையாதலால், இடக்கையைக் கீழேயும் வலக்கையை மேலேயும் வைத்து, எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக மட்டையைப் பிடித்தார். அப்பிடியோடேயே கடல் கடந்து போய் 1959இலும் 1960இலும் பின்னர் 1964இலும் ஒல்லாந்துப் பகிரங்கப் போட்டியிலே வெற்றி வாகை சூடினார். 1963இல் தம் சொந்த ஊரிலே நேற்றால் பகிரங்கப் போட்டியிலும் வென்றார். மழை பெய்தது. வெள்ளையர் கழகக் கட்டடத்துள்ளே அவர் காலடி வைக்கலாகாது என்பது நிறவெறிச் சட்டம். ஆகவே வெற்றிவீரர் வெளியே மழையிலே நின்று கிண்ணத்தை வாங்கினார். அந்தப் படம் உலகெங்கும் போயிற்று. 1965இல் அதே போட்டியிலே, உலகம் போற்றிய கறி பிளேயரையும் முறியடித்தார். அதன்பின் அரசு அவரை வெள்ளையர் திடல்களில் ஆடவிடாது தடுத்தது. 1978இல் அவர் மறைந்தார். அவர் பழகிய இடம் எது? கழகத்தின் புல்தரையன்று, வேலிக்கு வெளியே கிடைத்த வெறுந்தரை.

மற்றது அமெரிக்காவின் அற்லாண்டா நகரம். அங்கே திடல்கள் நகரசபையின் சொத்து, வரிப்பணத்திலே பராமரிக்கப்பட்டவை. கறுப்பின மக்களும் வரி செலுத்தினர். 1951இல் ஹோம்ஸ் என்னும் கறுப்பின வைத்தியரும் அவருடைய புதல்வர் இருவரும் நண்பர் ஒருவரும் அத்தகைய திடலொன்றுக்குப் போயினர். துரத்தப்பட்டனர். வழக்காடினர். கீழ் நீதிமன்றத்திலே கிடைத்த நீதி எத்தகையது தெரியுமா? வாரத்தில் திங்களும் செவ்வாயும் கறுப்பருக்கு, ஏனைய ஐந்து நாட்களும் வெள்ளையருக்கு என்று பங்கீடு செய்ய நகரசபை முனைந்தது! எம்மவருக்கு இத்தகைய பங்கீடுகள் புதியனவல்ல. ஹோம்ஸ் குடும்பத்தார் அந்த இரண்டு நாட்களை ஏற்கவில்லை. உயர்நீதிமன்றம் வரை போயினர். 1955 நவம்பரிலே பாகுபாடு செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு நத்தாருக்கு முன்தினம் அவர்கள் நகரத் திடலிலே ஆடினர். பந்தாட்டத்துக்கு இவ்வளவு வழக்கா என்று கேட்போர், அவர்கள் பந்துக்காக வழக்காடினரா என்று சற்றே சிந்திக்கட்டும்.

பிறரைக் குற்றஞ் சாட்டுதல் எளிது. எம் முதுகை நாம் பார்ப்பதில்லை. நன்னீர்க் கிணறுகளுக்கு வேலி போட்டவர்கள் யார்? தேநீர்க் கடைகளிலே வேறு பேணி வைத்தவர்கள் யார்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே நடந்ததை எம் மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். டேர்பன் மழைக்காகக் கண்ணீர் விடும் தமிழன், தன் ஊர்க் கிணற்றடியை எண்ணித் தலைகுனியவும் வேண்டும். ஆதலினால்தான் இப்புதுக் கழகப் பேச்சு எமக்கு அச்சம் தருகின்றது. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் என்னும் விதி எம்மூரிலே எவ்வாறு இயங்கும் என்பது எமக்குத் தெரியாததா? பெரிய உத்தியோகத்தவர் பெரிய உத்தியோகத்தவரை முன்மொழிவார். அவருடைய மைத்துனர் வழிமொழிவார். பரந்தன் வயலிலே வாய்க்கால் தாண்டிப் பந்தடித்த பையனை யார் முன்மொழிவார்?

எம் தொழில்வல்லாரைக் கேட்கின்றோம். வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, கணக்காளர்களே! நீங்கள் பெரும்பாலும் இலவசக் கல்வியின் பிள்ளைகள். உங்களை எவரும் முன்மொழிந்து பள்ளிக்கூடத்தினுள் சேர்க்கவில்லை. வாசல் திறந்திருந்தது, நீங்கள் நுழைந்தீர்கள். அவ்வாசலினூடாக வந்தவர்கள் பின்னே திரும்பிக் கதவைச் சாத்துவது முறையாகுமா?

இனிக் கமக்காரரின் கேள்விக்கு வருவோம். அதுவே கனமான கேள்வி. பதினெட்டுக் குழிகள் கொண்ட முழுத்திடல் ஒன்றுக்கு வழக்கமாக 120 முதல் 150 ஏக்கர் வரை நிலம் செல்லும். 120 ஏக்கர் என்றால் 1920 பரப்பு. குடாநாட்டிலே 1920 பரப்பை ஒரே துண்டாக எங்கே காண்பது? யாருடைய தோட்டத்தை விழுங்குவது? நிலத்தினும் கொடியது தண்ணீர்ச் செலவு. வறண்ட கோடையிலே அப்புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாள்தோறும் இலட்சக்கணக்கான லீற்றர் இறைக்கவேண்டும். உரமும் கிருமிநாசினியும் இடவேண்டும். யாழ்ப்பாணத்தின் உயிர் சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கும் மழைநீர். அந்நீரிலே ஏற்கெனவே உரத்தின் நைத்திரேற்று ஊறியுள்ளது. கரையோரக் கிணறுகளிலே உவர் ஏறுகின்றது. சுன்னாகக் கிணறுகளிலே எண்ணெய் கண்டு மக்கள் பட்ட பாடு நேற்றைய கதை. ஆகவே ஐயத்துக்கிடமின்றிச் சொல்கின்றோம்: குடாநாட்டிலே நீர் இறைத்துப் புல் வளர்க்கும் முழுத்திடல் வேண்டாம். கனவான்களின் திட்டம் அதுவாயின், கமக்காரரோடு சேர்ந்து எதிர்க்கும் முதற் குரல் எமது குரலாயிருக்கும்.

ஆனால் பழகுவதற்கு முழுத்திடல் வேண்டுமென்று சொன்னவர் யார்? இங்கேதான் எம்மவர் ஏமாற்றப்படுகின்றனர். இவ்விளையாட்டின் கணக்கைச் சற்றே பாருங்கள். திறமையான ஆட்டக்காரன் ஒருவன் பதினெட்டுக் குழிகளையும் 72 அடிகளில் முடிக்கவேண்டும் என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு குழியிலும் இரண்டு அடிகள், பந்தை மெல்லத் தட்டி உருட்டிக் குழியிலே விழுத்துவதற்கென்றே கணக்கிடப்பட்டவை. பதினெட்டு இரண்டு முப்பத்தாறு. அதாவது ஆட்டத்தின் சரிபாதி உருட்டும் கலை. அதற்கு வேண்டியது மட்டமான சிறுநிலம். நாலேகால் அங்குல அகலமுள்ள ஒரு குழி. இரண்டு பரப்பு நிலம் தாராளமாகப் போதும்.

அதற்குப் புல்லும் வேண்டுமென்பதில்லை. அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலும் ஆபிரிக்காவின் பல பகுதிகளிலும் குழியைச் சுற்றி மணலைப் பரப்பி, உருளையால் அமுக்கி, அதன்மீது ஆடுகின்றனர். கூபர் பீடி என்னும் இரத்தினக்கல் அகழும் ஊரிலே திடல் முழுவதிலும் புல்லே இல்லை; ஆடுபவர் சிறு புற்றுண்டொன்றைக் கையோடு கொண்டுபோய், அதிலே பந்தை வைத்து அடிக்கின்றனர். மணல் பறக்காதிருக்க அந்நாடுகளிலே எண்ணெய் கலப்பதுண்டு. எமது சுண்ணக்கல் நிலத்திலே அது கூடவே கூடாது. எமக்கோ வேறு வழி தெரியும். சூடு மிதிக்கும் களத்தைச் சாணமிட்டு மெழுகி எடுக்கத் தெரிந்த கைகளுக்குப் பந்துருளும் தளம் அமைக்க அந்நியன் வந்து கற்பிக்கவேண்டுமோ? அவ்விளைஞர் அம்மானின் களத்தின் மூலையிலே அவ்வாறு செய்து பார்த்ததாகச் சொன்னார். பந்து நன்றாகவே உருண்டதாம். முதல் நாள் கோழிகள் கிளறிவிட்டனவாம், அது வேறு.

தூர அடிக்குத் திறந்தவெளியாயின் 250 யார் நீளம் வேண்டும். அகலத்தோடு சேர்த்து ஏறத்தாழ மூன்று ஏக்கர். அது இல்லாத இடத்திலே வலை போதும். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலம். அதனினும் சிறிய கண்ணுள்ள மீன்வலையைத் தளரத் தொங்கவிட்டால் பந்து அதிலே மோதி அப்படியே கீழே விழும். விறைப்பாகக் கட்டலாகாது, கட்டினால் அடித்தவன் நெற்றிக்கே பந்து திரும்பும். கடலுக்கு உதவாத பழவலை எமது கரையோரங்களிலே குவிந்து கிடக்கின்றது. ஓட்டை உள்ளதை இரட்டையாக மடித்துக் கட்டலாம். நின்று அடிப்பதற்குத் தும்புத் தடுக்கு. கிறிக்கற் ஆட்டத்துக்குத் தும்புப் பாய் விரித்துப் பழகிய நாடுதானே இது! நான்கு பேர் ஒரே நேரத்திலே நின்று பழகும் வலைக்கூடம் ஒரு பரப்புக்குள்ளே அடங்கும். மட்டைகளோ, விதிப்படி ஒருவர் 14 வரை கொண்டுசெல்லலாம். பழகுபவனுக்கு மூன்று போதும். அம்மூன்றையும் சனசமூக நிலையம் பொதுவிலே வைத்துக்கொண்டால், நூலகத்திலே புத்தகம் எடுப்பதுபோலப் பிள்ளைகள் எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். வலைக்கு இரண்டு, உருட்டுந் தளத்துக்கு இரண்டு, குறுந்தூரப் பந்துக்கு நான்கு: ஆக எட்டுப் பரப்பு. அரை ஏக்கர்! கிணற்றிலிருந்து ஒரு துலா நீரும் இறைக்கவேண்டாம்.

வலை வேலியாகாதா என்று குறும்பர் எவரேனும் கேட்கக்கூடும். அது பந்துக்கு இடும் வேலி. மனிதருக்கு அன்று.

இந்தச் சிறிய காரியத்தை யார் செய்வது? பிரதேச சபைகளும் நகரசபைகளுமே செய்யவேண்டும். 2025 மே மாதத்திலே தேர்தல் நடந்து புதிய உறுப்பினர் பதவியேற்றுள்ளனர். மேடைகளிலே அவர்கள் இனத்தின் உரிமையைப் பேசினர். நிலத்தின் உரிமையையும் பேசினர். சபைகளின் வசமுள்ள நிலத்திலே அரை ஏக்கரை ஒதுக்கிப் பொதுமக்களுக்கு ஒரு பயிற்சித் திடல் அமைக்க எந்த அரசியலமைப்புத் திருத்தமும் வேண்டியதில்லை. அயலவரைப் பாருங்கள். டில்லியிலே அபிவிருத்தி அதிகாரசபையே லாடோ சராய் என்னுமிடத்தில் பொதுத் திடல் நடத்துகின்றது. உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் கொடுத்து ஆடலாம். நியூயோர்க் நகரம் 1895ஆம் ஆண்டிலேயே வான் கோட்லண்ட் பூங்காவிலே பொதுத் திடலைத் திறந்துவிட்டது. பணக்கார நாடுகளைக் காட்டுகின்றீரே என்பர். காட்டுவது அவர்களுடைய பணத்தையன்று, வாசலை.

இதிலே எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பொதுவிலே திறந்தது பொதுவிலேயே நிலைக்கும் என்று உறங்கிவிடலாகாது. சிங்கப்பூரிலே நிலம் அரிது. வீடுகளுக்கும் பிறவற்றுக்குமாக அரசு திடல்களை மீளப்பெற்று வருகின்றது. தனியார் கழகங்களின் நிலமும் எடுக்கப்பட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் மரீனா பே என்ற பதினெட்டுக் குழிப் பொதுத் திடலும் 2024 யூன் முடிவோடு மூடப்பட்டது. கழகக்காரனுக்கு இன்னொரு கழகம் கிடைக்கும். நாட்கட்டணம் கொடுத்து ஆடியவன் எங்கே போவான்? ஆகையால் எம்மூர்ச் சபைகள் திடல் அமைப்பதாயின், அதனைப் பின்வருஞ் சபை குத்தகைக்கு விடாதவாறு தீர்மானத்திலே எழுதிவைக்கவேண்டும். கடனிலே மூழ்கிய சபை முயல் வியாபாரிக்குக் கொடுத்த கதை ஒரு தடவை நடந்தது போதும்.

கழகம் பேசும் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பணத்தை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நுழைவுப் பணம் என்று திரட்ட எண்ணியதை நன்கொடை என்று திரட்டுங்கள். வலை வாங்கிக் கொடுங்கள். பந்து வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை மாலையிலே நீங்களும் அங்கே வந்து, தோட்டக்காரனின் மகன் அடித்து முடிக்கும்வரை வரிசையிலே நில்லுங்கள். நிற்கமாட்டீராயின், நீங்கள் தேடியது விளையாட்டன்று என்று எழுத எமக்கு உரிமையுண்டு, எழுதுவோம்.

எந்தச் சபை முதலில் இத்தீர்மானத்தை எடுக்கின்றது என்பதை இப்பக்கத்திலே பெயரோடு வெளியிடுவோம். எடுக்க மறுத்த சபை சொல்லும் காரணத்தையும் சொல்லுக்குச் சொல் வெளியிடுவோம். காலம் அதிகமில்லை. புரட்டாதி பிறந்துவிட்டது. பரந்தனிலே முதல் மழைக்குப் பின் உழவு தொடங்கிவிடும். விதைப்பு முடிந்தால் மாசி வரையிலே அவ்வயலிலே எவரும் கால் வைக்க முடியாது. சென்ற ஞாயிறு அவ்விளைஞர் போனபோது அம்மான் வரம்பு கட்டிக்கொண்டு நின்றாராம். ஆறு பிள்ளைகளும் வந்திருந்தனராம்.